ஆறு எலி, அறுபது மில்லிகிராம்: விலங்கு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மருந்தியல், உயிர்வேதியியல், சித்த மருத்துவக் கல்லூரிகளில் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுக்களில் இருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும், அந்தக் குழுக்களின் முன்னால் மாணவர்களைக் கொண்டுவந்து நிறுத்தும் கைடுகளுக்கும்,

வணக்கம்.

எலிகளையெல்லாம் கூண்டைத் திறந்து விட்டுவிடுங்கள் என்று கேட்கிற கடிதம் இல்லை இது. விலங்கு ஆய்வு வேண்டும் என்று நினைக்கிற ஆள்தான் நான். மருந்தியல் படித்து, அதையே பாடமும் நடத்தி, உங்களைப் போலவே ஒரு கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியில் வெளி உறுப்பினராக உட்கார்ந்து, ஒரே மதியத்தில் கட்டுக்கட்டாக வரும் ஃபார்ம் பி விண்ணப்பங்களைப் புரட்டுகிற கூட்டத்தில் ஒருவன். அங்கே நாம் என்ன கேட்கிறோம்? கூண்டு எவ்வளவு பெரியது, மயக்க மருந்து எது, கடைசியில் எப்படிக் கொல்லப் போகிறீர்கள், மொத்தம் எத்தனை எலி. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: நீங்கள் ஆராய நினைக்கும் நோய் இந்த எலிக்கு வருமா?

வராது என்றால் கூண்டு எவ்வளவு விசாலமாக இருந்து என்ன பயன்? அந்த எலி வீணாகச் சாகிறது. நெறிமுறை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழு முதலில் தடுக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

வழக்கமாக வரும் விண்ணப்பத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தலைப்பு, "மெட்டபாலிக் சிண்ட்ரோமிலும் அதைச் சார்ந்த இதய பாதிப்பிலும் இன்ன செடியின் இலைச் சாற்றின் விளைவு". உள்ளே போனால் விஸ்டார் என்ற ஆய்வக இனத்து ஆண் எலி, 150 முதல் 200 கிராம், ஒரு குழுவுக்கு ஆறு. எலிக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்து கிலோவுக்கு 60 மில்லிகிராம், ஒரே ஊசி. செடிச் சாறு 200 மில்லிகிராம் ஒரு குழுவுக்கு, 400 மில்லிகிராம் இன்னொரு குழுவுக்கு. ஒப்பிட்டுப் பார்க்க கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை. 21 நாளோ 28 நாளோ கழித்து ரத்தம் எடுத்து, சர்க்கரை, கொலஸ்ட்ரால், எஸ்ஓடி, கேட்டலேஸ் என்ற நொதிகள் எல்லாம் பார்த்து, "புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வகையில் குறைந்தது". செடியின் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த மாணவரின் விண்ணப்பம் தயார். ஆவாரை போய் நாவல் வரும், நாவல் போய் சிறுகுறிஞ்சான் வரும், எலி அப்படியே இருக்கும்.

சரி, இதில் என்ன தவறு?

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்றால் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும், எதிர் வீட்டிலும் பார்க்கிறோம், சில சமயம் கண்ணாடியிலும் பார்க்கிறோம். இடுப்புச் சுற்றளவு நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-ஐத் தொடுவது. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே போவது. ரத்த அழுத்தம் 130/85. வெறும் வயிற்றில் சர்க்கரை 100. ஐந்தில் மூன்று இருந்தால் போதும். இதன் அடியில் ஓடும் கதை இன்சுலின் எதிர்ப்பு: கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, வழக்கத்தைவிட அதிகமாகவே சுரக்கிறது, ஆனால் ஈரலும் தசையும் அதற்குச் செவி சாய்ப்பதில்லை. இது வருடக்கணக்கில் மெதுவாக முற்றி, ரத்தக் குழாய்களையும் இதயத்தையும் பதம் பார்க்கிறது. 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது, 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது, பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 40 பேருக்குக் கிட்டத்தட்ட வயிற்றுப் பருமன் என்றது.

இப்போது நம் ஸ்ட்ரெப்டோசோடோசின் எலியைப் பாருங்கள். அந்த மருந்து மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசஸ் நுண்ணுயிரிலிருந்து வந்தது. குளுக்கோஸைப் போல வேடம் போட்டு, குளுட்-2 என்ற வாசல் வழியாக கணையத்தின் பீட்டா செல்லுக்குள் நுழைந்து அதைக் கொன்றுவிடும். சில நாளில் இன்சுலின் வற்றிப்போகிறது. எலி தண்ணீராகக் குடிக்கிறது, சிறுநீராகப் போகிறது, எடை குறைந்து எலும்பும் தோலுமாகிறது. இது முதல் வகை நீரிழிவைப் போன்றது, அதிலும் சிகிச்சை கிடைக்காமல் விடப்பட்ட முதல் வகை. நாம் தலைப்பில் எழுதிய நோயாளி பருத்திருக்கிறார், அவர் ரத்தத்தில் இன்சுலின் வழிகிறது. நாம் கூண்டில் வைத்திருப்பது மெலிந்திருக்கிறது, அதன் ரத்தத்தில் இன்சுலினே இல்லை. இரண்டிலும் பொதுவாக இருப்பது குளுக்கோமீட்டரில் தெரியும் எண் ஒன்றுதான்.

குழுவில் "சமூக அக்கறையுள்ள உறுப்பினர்" என்று ஒருவர் இருப்பார், விஞ்ஞானி அல்லாதவர், பெரும்பாலும் கூட்டத்தில் வாய் திறக்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போகிறவர். அவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஐயா, அம்மா, அடுத்த முறை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று தலைப்பு போட்ட விண்ணப்பம் வந்தால் "இந்த எலிக்குத் தொப்பை இருக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். அறை அமைதியாகிவிடும்.

கிளிபென்கிளமைடு விஷயம் இன்னும் வேடிக்கை. அது வேலை செய்வதே பீட்டா செல்லை உசுப்பி, இருக்கிற இன்சுலினை வெளியே தள்ள வைத்துத்தான். அந்தச் செல்களைக் கொன்றுவிட்டோம் என்று ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுகிறோம், அடுத்த பகுதியில் கிளிபென்கிளமைடு சர்க்கரையை அழகாகக் கீழே இறக்கியது என்று வரைபடம் போடுகிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாதே! செல்கள் ஓரளவு பிழைத்திருக்கின்றன என்றால், எவ்வளவு பிழைத்தன என்று இன்சுலினை அளந்து காட்ட வேண்டும், கணையத் திசுவை வெட்டிச் சாயமிட்டுக் காட்ட வேண்டும். அப்படிப் பிழைத்த செல்கள் தாமாகவே கொஞ்சம் தேறிவந்ததைச் செடியின் பெருமை என்று எழுதிவிட்டோமா என்பதையும் பார்க்க வேண்டும். வைவாவில் இதை யாராவது கேட்டால் மாணவர் கைடைப் பார்ப்பார், கைடு கடிகாரத்தைப் பார்ப்பார்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1987-லேயே ஃப்ரக்டோஸ் நிறைந்த தீவனம் கொடுத்த எலிகளுக்கு இன்சுலின் எதிர்ப்பும் உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்து வருவதைக் காட்டிவிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜெரால்ட் ரீவன்தான் மறுவருடம் இந்த அறிகுறிக் கூட்டத்துக்கு "சிண்ட்ரோம் எக்ஸ்" என்று பெயர் வைத்து மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். 2005-இல் மொகாலியில் உள்ள நைபர் என்ற தேசிய மருந்தியல் கல்வி நிறுவனத்தினர் இன்னொரு வழி காட்டினார்கள். எலிகளுக்கு இரண்டு வாரம் கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்து முதலில் இன்சுலின் எதிர்ப்பை வரவழைத்து, அதற்குப் பிறகு ஸ்ட்ரெப்டோசோடோசினை கிலோவுக்கு 35 மில்லிகிராம் மட்டும் கொடுப்பது. செல்கள் எல்லாம் சாகாது, சோர்ந்துபோகும், மனிதருக்கு நடப்பதற்கு ஓரளவு பக்கத்தில் வரும். நம் நாட்டிலேயே செய்த வேலை, உலகம் முழுக்க எடுத்தாண்டார்கள், நம் விண்ணப்பங்களில் இன்னமும் 60 மில்லிகிராம்தான்.

கொழுப்புத் தீவனம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுத் தீவனத்துக்குக் காசு இல்லாமல் வனஸ்பதியும் தேங்காய் எண்ணெயும் மூன்றுக்கு ஒன்று என்று கலந்து கொடுப்பது நம் ஆய்வகங்களின் பழைய வழக்கம். நல்ல சிக்கனம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வனஸ்பதி இப்போது பழைய வனஸ்பதி இல்லை. முன்பெல்லாம் அதில் டிரான்ஸ் கொழுப்பு தாராளமாக இருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2021-இல் அதை 3 சதவீதமாகக் குறைத்து, 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம்தான் என்று கட்டிவைத்துவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய தீசிஸைப் பார்த்து அதே விகிதத்தில் கலக்கும் மாணவர் அதே தீவனத்தைக் கொடுக்கவில்லை, வேறு கொழுப்பைக் கொடுக்கிறார். டப்பாவில் என்ன இருக்கிறது என்று கொழுப்பு அமிலங்களை அளந்து பார்த்து எழுதியவர்கள் எத்தனை பேர்? விண்ணப்பத்தில் தீவனத்தின் கலோரிக் கணக்கைக்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

இதயத்துக்கு வருவோம், எனக்கு அதிக வருத்தம் இங்கேதான்.

"இதயத்தைக் காக்கும்" என்று முடியும் தலைப்புகளில் பெரும்பாலானவை ஐசோப்ரோடெரினால் என்ற மருந்தை ஊசி போட்ட எலியில் செய்தவை. கிலோவுக்கு 85 மில்லிகிராம், தோலுக்கடியில், இரண்டு நாள். இதயம் தறிகெட்டு ஓடி, ஆக்சிஜன் பற்றாமல், தசை இழைகள் ஆங்காங்கே செத்துப்போகும். இதயத் தசை சேதத்தைக் காட்டும் சிகே-எம்பி ஏறும், இசிஜி மாறும். பார்க்க மாரடைப்பு போலத்தான் இருக்கும். ஆனால் எதிர் வீட்டுக்காரருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டபோது நடந்தது வேறு: கரோனரித் தமனியில் வருடக்கணக்காகச் சேர்ந்த கொழுப்புப் படிவு விண்டு, அதன் மேல் ரத்தம் உறைந்து, குழாய் அடைத்துக்கொண்டது. ஐசோப்ரோடெரினால் எலிக்குப் படிவும் இல்லை, உறைகட்டியும் இல்லை, அடைப்பும் இல்லை. அது போதாதென்று, சாற்றை மூன்று நான்கு வாரம் முன்கூட்டியே கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு ஊசி போடுகிறோம். மாரடைப்பு வந்தவர் அதற்குப் பிறகுதானே ஆம்புலன்ஸில் ஏறுகிறார்? இன்னொன்று, ஐசோப்ரோடெரினால் செய்யும் கேட்டில் ஒரு பங்கு அது ஆக்சிஜனேற்றம் அடைந்து கிளப்பும் ஃப்ரீ ரேடிக்கல்களால் நடப்பது. அதனால் அவற்றை அடக்கும் ஃபிளேவனாய்டு கொஞ்சம் இருக்கிற எந்தச் செடிச் சாறும் இந்தச் சோதனையில் ஓரளவு தேறிவிடும். எல்லோரும் பாஸ் ஆகும் தேர்வை வைத்துவிட்டு மாணவர்கள் கெட்டிக்காரர்கள் என்கிறோம். வைட்டமின் இ-யும் விலங்குகளில் ரொம்ப நம்பிக்கை தந்தது. 2000-இல் வெளிவந்த ஹோப் ஆய்வில் இதய ஆபத்துள்ள ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், மாரடைப்பும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை.

தமனிப் படிவு பற்றிய விண்ணப்பங்கள் இதைவிட மோசம். சாதாரண எலிக்குத் தமனியில் படிவு சுலபத்தில் வராது. அதன் உடம்பு கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றுவதில் கில்லாடி, ரத்தத்தில் இருப்பதிலும் பெரும்பகுதி எச்டிஎல்தான். 1913-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அனிச்கோவ் முயலுக்கு கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கலந்து கொடுத்து தமனியில் படிவை வரவழைத்தபோது, மற்றவர்கள் அதையே எலியிலும் நாயிலும் செய்து பார்த்துத் தோற்றார்கள், தோற்றதால் கொலஸ்ட்ராலுக்கும் தமனிக்கும் சம்பந்தமே இல்லை என்று கூட முடிவுகட்டினார்கள். தவறான விலங்கு ஒரு சரியான கருத்தைப் பல பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளியதில் பங்கு வகித்தது. இந்த வரலாறு தெரிந்தும் விஸ்டார் எலியில் தமனிப் படிவு ஆபத்தைக் காட்டும் "அதிரோஜெனிக் இண்டெக்ஸ்" கணக்குப் போடுகிறோம். எலியின் எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, அளப்பதுகூட இல்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழித்து எழுதிவிடுகிறோம். ஃப்ரீடுவால்டு 1972-இல் அந்தச் சூத்திரத்தை மனிதர்களின் ரத்தத்திலிருந்து வகுத்தார். எலிக்கு அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று எந்த மாணவரையாவது கேளுங்கள், மேற்கோள் காட்ட இன்னொரு எலித் தீசிஸ்தான் கிடைக்கும்.

1992-இல், ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை அகற்ற உதவும் ஏபோ-இ ஜீனை நீக்கிய சுண்டெலி வந்த பிறகு படிவை ஆராய ஒரு நல்ல சிறு விலங்கு கிடைத்தது உண்மை. அதுவும் முழுசாக மனிதர் ஆகிவிடவில்லை: படிவு பெருந்தமனியின் வேரில் வருகிறது, கரோனரியில் அபூர்வம், விண்டு உறைவது அதைவிட அபூர்வம். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு அறுநூறு தடவை அடிக்கிறது, நம்முடையது எழுபது. எச்டிஎல்லிலிருந்து கொலஸ்ட்ராலை எல்டிஎல் பக்கம் மாற்றிவிடும் சிஇடிபி என்ற புரதம் சுண்டெலியிடம் கிடையவே கிடையாது. முயலிடம் உண்டு, அங்கே அதைத் தடுத்தபோது படிவு குறைந்தது. அந்த நம்பிக்கையில் மனிதர்களுக்குப் போன டார்செட்ராபிப் மருந்து எச்டிஎல்லை ஏகமாக ஏற்றியது, கூடவே ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது, மருந்து எடுத்தவர்களில் அதிகம் பேர் இறந்ததால் 2006 டிசம்பரில் ஆய்வையே நிறுத்தினார்கள். பொருத்தமான விலங்கிலேயே இவ்வளவு சறுக்கல் என்றால், பொருந்தாத விலங்கில் என்ன கிடைக்கும்?

விலங்குத் தேர்வு ஒரு மருந்தின் தலையெழுத்தையே மாற்றும் என்பதற்கு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகளின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, கைடுகள் இதை மாணவர்களுக்கு ஒரு முறையாவது சொல்ல வேண்டும். ஜப்பானில் சாங்க்யோ கம்பெனியில் வேலை செய்த அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சலித்து, 1973-இல், கியோட்டோவில் ஒரு தானியக் கடையின் அரிசியிலிருந்து எடுத்த பெனிசிலியத்தில் முதல் ஸ்டேட்டினான காம்பாக்டினைக் கண்டுபிடித்தார். கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் நொதியை அது சோதனைக் குழாயில் அருமையாகத் தடுத்தது. எலிக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரால் அசையவில்லை. வாரக்கணக்கில் கொடுத்தும் அசையவில்லை. அந்த மருந்தைக் கண்டதும் எலியின் ஈரல் அதே நொதியை இன்னும் அதிகமாகத் தயாரித்து ஈடுகட்டிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. கம்பெனி கைவிடத் தயார். எண்டோ விடவில்லை, முட்டையில் கொலஸ்ட்ரால் அதிகம், அப்படியானால் முட்டையிடும் கோழியின் ரத்தத்திலும் நிறைய ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று யோசித்து, இன்னொரு பிரிவில் சோதனை முடிந்து கொல்லப்பட இருந்த கோழிகளை நண்பரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பிறகு நாயிலும் குறைந்தது. கோபேயில் வதனாபே வளர்த்த, எல்டிஎல்லைப் பிடித்துச் செல்லுக்குள் இழுக்கும் ரிசப்டர் பிறவியிலேயே குறைபட்ட முயல்கள், அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் நோயின் அடிப்படையை விளக்க உதவின. 1987-இல் லோவாஸ்டேட்டின் மருந்துக் கடைக்கு வந்தது. இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் இரவில் போடும் அந்தச் சின்ன மாத்திரை, எலியின் பேச்சை மட்டும் கேட்டிருந்தால் குப்பைக்குப் போயிருக்கும். நம் ஆய்வகங்களில் எலியில் தோற்றதால் கைவிட்ட செடி எது, எலியில் ஜெயித்ததால் மட்டும் தூக்கிப் பிடிக்கும் செடி எது என்று யாருக்குத் தெரியும்?

நம் பக்கத்திலேயே கிடக்கும் வளம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில், 1918-இல், பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில். அங்கேதான் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசியில் நின்றன. (நமக்குப் பிடிக்காத முடிவுதான், ஆனாலும் ஒரு கேள்விக்கு ஏற்ற தீவனத்தை வடிவமைப்பது எப்படி என்பதற்கு அது இன்றும் நல்ல பாடம்.) 1958-இல் நிறுவனம் ஹைதராபாத்துக்குப் போனது. அங்கே வளர்ந்த எலிக் கூட்டத்தில்தான் 1990-களில் டபிள்யூஎன்ஐஎன்/ஓபி என்ற குண்டு எலி தானாகவே தோன்றியது. ஓயாமல் தின்னும், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் ஏராளம், இன்சுலின் ஏராளம், ட்ரைகிளிசரைடும் ஏராளம், குட்டி போடாது, சீக்கிரம் செத்துவிடும். அதே கூட்டத்திலிருந்து வந்த இன்னொரு வகைக்கு குளுக்கோஸைத் தாங்கும் சக்தியும் குறைவு. பருமனிலிருந்து நீரிழிவுக்குப் போகும் பாதையை ஆராய நம் நாட்டின் சொந்த எலி. ஒற்றை ஜீன் பிறழ்வால் வரும் பருமன் மனிதரில் அபூர்வம் என்ற வரம்பு இதற்கும் உண்டு, அந்த வரம்பை எழுதிவிட்டுப் பயன்படுத்தலாம். அந்த எலியைப் பற்றி நம் விண்ணப்பங்களில் ஒரு வரிகூட வருவதில்லை.

அதைவிட என்னைக் கவர்ந்தது 2015-இல் வெளிவந்த ஒரு வேலை, புனேயில் ஐம்பது தலைமுறையாக அரைப் பட்டினி போட்டு வளர்த்த விஸ்டார் எலிகளைப் பற்றியது. குறைந்த எடையில் பிறந்து, உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, இன்சுலின் எதிர்ப்போடு, பி12 குறைவோடு இருந்தன. இரண்டு தலைமுறை வயிறாரச் சாப்பிட வைத்தும் முழுசாக மீளவில்லை. இது நம் கதை இல்லையா? புனே மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று நீங்கள் பார்த்திருப்பீர்கள்: இருவருக்கும் பிஎம்ஐ 22.3, உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அமெரிக்கப் பருமனுக்காகச் செய்த, கலோரியில் அறுபது சதவீதம் கொழுப்பான தீவனத்தை இறக்குமதி செய்து நம் நோயாளியைப் புரிந்துகொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை. தாய் எலியின் புரதத்தையோ பி12-ஐயோ குறைத்து, குட்டிக்கு நல்ல சாப்பாடு போட்டுப் பார்க்கும் மாணவருக்குச் செலவும் குறைவு, கேள்வியும் நம்முடையது.

கைடுகள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "சார், பிஎச்டிக்கு மூன்று வருடம், பல பல்கலைக்கழகங்களில் கட்டுரை வெளியிடாமல் தீசிஸ் சமர்ப்பிக்க முடியாது, நிதி கிடையாது, அனிமல் ஹவுஸில் கிடைப்பது விஸ்டார் ஆண் எலி, இதில் நான் மெட்டபாலிக் சிண்ட்ரோம் வரும் ஒஸபா தீவுப் பன்றிக்கு எங்கே போவேன்?" நியாயம். பன்றி வேண்டாம். ஒரு ஊசியில் நோய் வந்து ஒரு மாதத்தில் வேலை முடிகிறது என்பதால்தான் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஜெயித்தது, எலியின் பொருத்தத்தால் இல்லை, இதை நாம் எல்லோரும் அறிவோம். அப்படியானால் தலைப்பையாவது நேர்மையாகப் போடலாம்: "இன்சுலின் அற்ற எலியில் இன்ன சாறு". மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று எழுத வேண்டுமென்றால் இடுப்பு, இன்சுலின், ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் எல்லாம் அளந்து, குறைந்தது மூன்று இருக்கிறதென்று காட்டட்டும். ரத்த அழுத்தம் பார்க்க எலியின் வாலில் சுற்றும் பட்டை இருக்கிறது, எலியை அதற்குப் பழக்காமல் திடீரென்று இறுக்கிப் பிடித்தால் பயத்திலேயே அழுத்தம் ஏறும் என்பதை மட்டும் மாணவருக்குச் சொல்லிக் கொடுங்கள். எட்டு வார எலி பருவ வயதுப் பையன், நோய் நாற்பதைத் தாண்டியவருடையது. வயதான எலியை வைத்திருக்க ஆகும் தீவனச் செலவை விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். பெண் எலியையும் சேருங்கள், மாதவிடாய் நின்ற பிறகு பெண்களிடம் இந்த நோய் அதிகமாகிறது, நம் தீசிஸ்களில் பெண் எலி கண்ணில் படுவதே இல்லை. ஏன் ஆறு? ஐந்து ஏன் இல்லை, பத்து ஏன் இல்லை? கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். எந்த எலி எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் திசுவைப் பார்த்தாரா என்று கேளுங்கள். விலங்கு ஆய்வை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் வழிகாட்டி 2010-லிருந்து இதைத்தான் கேட்கிறது, காசு கேட்கும் காரியம் எதுவும் இல்லை.

குழுவுக்கு இதைக் கேட்க அதிகாரம் உண்டா என்று தயங்குகிறவர்களுக்கு: உண்டு. 1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உருவாகக் காரணமாக இருந்தவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக அவர் கொண்டுவந்து, பிரதமர் நேரு அரசே சட்டம் இயற்றும் என்று உறுதி சொன்ன பிறகு விலக்கிக்கொண்டார். அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு விலங்குச் சோதனையை அனுமதிக்கிறது, எதற்காக என்றும் சொல்கிறது: புதிய கண்டுபிடிப்பால் அறிவை வளர்க்க, உயிரைக் காக்க, வேதனையைக் குறைக்க, நோயை எதிர்க்க. 17-ஆம் பிரிவு, தவிர்க்க முடிகிற இடத்தில் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது. அதன் கீழ் வந்த 1998 விதிகள்தான் நம்மை அந்த மேசையில் உட்கார வைத்தன. விடை தர முடியாத எலியில் செய்யும் சோதனை இதில் எந்த வரிக்குள் அடங்கும்? "அறிவியல் விஷயத்தில் நாம் தலையிடக் கூடாது" என்று ஒரு பேச்சு கூட்டங்களில் அடிக்கடி வரும். பயன் இருக்கிறதா என்று பார்க்காமல் வலியை மட்டும் எடைபோட்டால் தராசில் ஒரு தட்டுதான் இருக்கிறது.

பல்கலைக்கழகங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது, "விளைவு இல்லை" என்று முடிந்த வேலைக்கும் பட்டம் கொடுங்கள் என்பது. சாறு வேலை செய்யவில்லை என்று எழுதிய தீசிஸை நான் பார்த்ததே இல்லை. நம் காட்டில் முளைக்கும் எல்லாச் செடியும் சர்க்கரையைக் குறைக்கிறது என்பதை நம்புகிற ஆள் நம் துறைக்கு வெளியேதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் "நீரிழிவுக்கு மூலிகை: பேராசிரியர் சாதனை" என்று படித்துவிட்டு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறார்.

எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஃபார்ம் பி-யோடு ஒரு பக்கம் கூடுதலாக இணைக்கச் சொல்லப் போகிறேன்: இந்த நோயின் எந்தப் பகுதி இந்த விலங்கில் உண்டு, எந்தப் பகுதி இல்லை, இல்லாததால் இந்த ஆய்வின் முடிவை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது. கைடே எழுத வேண்டும், மாணவர் அல்ல. உங்கள் குழுக்களிலும் கேட்டுப் பாருங்கள். வேறு நல்ல வடிவம் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள், அதையே எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வெளி உறுப்பினர்